பாட்டே இல்லாத ரிக்கார்டு



தலைப்பு என்ன? 'மேடையில் ஆட வைப்பது கையா? கணினியா?' நான் கையின் பக்கம். எனக்கு முன்னாலே பேசிய தம்பி கணினியின் பக்கம். நல்லாவே பேசினாரு. என்ன சொன்னாரு? "இன்னைக்கு டிஜேன்னு மேடையில நிக்கிறவர் எதையும் வாசிக்கல. ஒரு லேப்டாப், ஒரு பொத்தான். அமுக்கினா ரெண்டு பாட்டும் தானா ஒட்டிக்கும். நம்ம பேராசிரியர் ஐயா கூட நாளைக்கே டிஜே ஆகலாம்" என்றார். (சிரிப்பு) நன்றி தம்பி. ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்யறதுன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வழி காட்டிட்டீங்க. (கைதட்டல்)

தமிழ்ப் பேராசிரியனுக்கும் டிஜேவுக்கும் என்ன சம்பந்தம்னு எங்க வீட்டிலேயே கேட்டாங்க. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை படிச்சவங்களுக்குத் தெரியும். மாதவி ஆட வருகிறாள். அவள் அழகைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். இளங்கோவடிகள் அப்படி விடல. ஆடலாசிரியனுக்கு என்ன தகுதி, இசையாசிரியனுக்கு என்ன தகுதி, தண்ணுமை வாசிக்கிறவன் எப்படி இருக்கணும், குழலோன் எப்படி, யாழாசிரியன் எப்படின்னு ஒவ்வொருத்தரையும் நிறுத்தி அளக்கிறாரு. ஆட வைக்கிறவனுக்கு என்ன தகுதி வேணும்? இது தமிழ் படிச்சவனுக்குப் பழைய கேள்வி. அதைத்தான் இன்னைக்கு நியூயார்க் வரைக்கும் எடுத்துக்கிட்டுப் போகப்போறேன்.

முதல்ல, டிஜேன்னா யாரு? டிஸ்க் ஜாக்கி. இசைத்தட்டை ஓட்டுகிறவர். ரெண்டு சுழல்மேசை இருக்கும். ஒன்றில் ஒரு ரிக்கார்டு ஓடும். அது முடியறதுக்குள்ள அடுத்த ரிக்கார்டை இன்னொன்றில் வைத்து, முதல் பாட்டின் தாளத்தோடு இரண்டாவது பாட்டின் தாளத்தைச் சேர்த்து, கேட்கிறவனுக்கு எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்க்கணும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி. மிக்ஸர். சட்டினி அரைக்கிற மிக்ஸி இல்லம்மா, இது வேற. (சிரிப்பு) இரண்டு பாட்டின் ஒலியையும் கூட்டிக் குறைக்கிற பெட்டி.

நம்ம ஊர்ல இந்த வேலையை ஒருத்தர் ரொம்ப காலமா செஞ்சுக்கிட்டிருந்தாரு. மைக்செட்காரர்! தென்னை மரத்துல ஒரு குழாய், மாமரத்துல ஒரு குழாய். பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் வரும்போது எந்த ரிக்கார்டு, பந்தியில உட்காரும்போது எந்த ரிக்கார்டு, கோவிலில் தீபாராதனை முடிஞ்சதும் எது, இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரல. கல்யாண வீட்டுல சோகப்பாட்டைப் போட்டா என்ன நடக்கும்னு அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்! (சிரிப்பு) அவரை ஏன் சொல்றேன்னா, இந்த டிஜே கதை தொடங்குகிற இடத்திலும் அப்படி ஒரு மைக்செட் இருக்கு.

கரீபியன் கடலில் ஜமைக்கா என்று ஒரு தீவு. நமக்கு கிரிக்கெட்டினால் தெரிந்த ஊர். அங்கே கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்து, ரிக்கார்டு போட்டு, ஜனங்களை ஆட வைப்பார்கள். 'சவுண்ட் சிஸ்டம்' என்று பேர். நம்ம 'சவுண்ட் சர்வீஸ்' போலத்தான். அந்த ஊரில் 1955இல் பிறந்த க்ளைவ் கேம்ப்பெல் என்ற பையன், சின்ன வயசிலேயே குடும்பத்தோடு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்குக் குடியேறினான். பின்னாளில் உலகம் அவரை 'கூல் ஹெர்க்' என்று அழைத்தது.

1973, ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. அவருடைய தங்கச்சி சிண்டிக்கு பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, புதுத்துணி வாங்கணும், கையில காசில்ல. அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு? கட்டடத்தின் கீழே இருந்த பொழுதுபோக்கு அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு விருந்து நடத்தி, நுழைவுக் கட்டணம் வைத்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாதிக் கட்டணச் சலுகையைப் பாருங்க! அண்ணன் பாட்டுப் போட்டான். இந்த ஹிப்ஹாப் என்ற பேரலைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் இந்தத் தேதியைத்தான் குறிக்கிறார்கள். ஒரு தங்கச்சியின் பள்ளிக்கூடத் துணிக்காக நடந்த கச்சேரி, நடுவர் அவர்களே!

அண்ணன் அங்கே என்ன கண்டுபிடிச்சான்? ஆடுகிறவர்களைப் பார்த்துக்கிட்டே இருந்தான். பாட்டு ஓடும்போது சிலபேர் சும்மா நிக்கிறாங்க. நடுவில் பாட்டுக்காரர் நிறுத்தி, மற்ற வாத்தியமெல்லாம் ஒதுங்கி, டிரம்ஸ் மட்டும் தனியா வாசிக்கிற ஒரு சின்ன இடம் வரும். அந்த இடம் வந்ததும் பாய்ஞ்சு வந்து ஆடறாங்க. நம்ம கச்சேரியில தனி ஆவர்த்தனம் வந்தா சிலபேர் காபி குடிக்க எழுந்து போவாங்க. அங்கே தனி வந்தாத்தான் உள்ளே வர்றாங்க! (சிரிப்பு, கைதட்டல்) ஆனா அந்த இடம் சில விநாடிதான். முடிஞ்சுபோகுது. ஹெர்க் என்ன பண்ணினாரு? ஒரே ரிக்கார்டில் இரண்டு பிரதி வாங்கினாரு. இந்த மேசையில் தனி முடிகிற நேரத்தில், அந்த மேசையில் அதே தனியை முதலிலிருந்து தொடங்கினாரு. அது முடியும்போது மறுபடி இது. பத்து விநாடித் தனியை ஐந்து நிமிஷம் ஓட்டினாரு. அதற்கு அவர் வைத்த பேர் 'மெர்ரி-கோ-ரவுண்ட்'. நம்ம திருவிழாக் குடை ராட்டினம்.

எதிரணித் தம்பி, இப்போ உங்க லேப்டாப்பில் 'லூப்' என்று ஒரு பொத்தான் இருக்கே, அமுக்கினா அதே இடம் சுத்திச் சுத்தி வருதே, அந்தப் பொத்தானுக்குள்ளே இருக்கிறது இந்த ரெண்டு கைதான்.

ஹெர்க்கிடம் ஒரு குறை. ஊசியைக் கண்ணளவாகத்தான் வைப்பார். தாளம் சில சமயம் தட்டும். அதைக் கூட்டத்தில் நின்று கவனித்தான் இன்னொரு பையன். ஜோசப் சாட்லர். பார்படாஸ் தீவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவன். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவன். பிற்காலத்தில் 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ்'. இவர் இசைத்தட்டின் மேலேயே விரலை வைத்தார். அன்றைக்கு அது பெரிய பாவம்! ரிக்கார்டை ஓரத்தில் பிடிச்சுத்தான் எடுக்கணும், மேலே விரல் படக்கூடாதுன்னு எல்லா வீட்டிலும் அப்பா சொல்லியிருப்பாரு. ஃப்ளாஷ் கிரேயான் பென்சிலால் தட்டின் மேல் கோடு போட்டார். கோடு கடிகார முள் மாதிரி. அந்தக் கோடு எத்தனை சுற்று போனதோ அத்தனை சுற்று கையால் பின்னுக்குத் தள்ளினால், தாளம் தொடங்கிய அதே புள்ளி. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட ஓடுகிற தட்டு அது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கணக்குப் போட்டு வாசித்த கை!

இன்னொரு சிக்கல். தட்டைக் கையால் பிடித்தால் கீழே மேசையும் சேர்ந்து இழுபடும். சுழல்மேசையோடு வருகிற ரப்பர் விரிப்பு வழுக்காது. வழுக்குகிற மாதிரி ஒன்று வேணும். அவங்கம்மா தையல்காரம்மா. வீட்டில் துணி வகைகளைப் பார்த்தே வளர்ந்த பையன் கம்பளத்துணி, அந்த 'ஃபெல்ட்' என்கிறோமே, அதை வாங்கி வட்டமாக வெட்டினான். அது தொளதொளன்னு இருந்தது. அம்மாவின் கஞ்சியை எடுத்து அதில் ஏற்றி, இஸ்திரி போட்டு, அப்பளம் மாதிரி விறைப்பாக்கிட்டான். இன்றைக்கும் உலகத்தில் எந்த டிஜேயின் சுழல்மேசையில் பார்த்தாலும் தட்டுக்குக் கீழே ஒரு துணி விரிப்பு இருக்கும். அதன் வம்சம் இந்தக் கஞ்சி போட்ட துணிதான்.

இந்த வரலாற்றில் தாய்மார்களின் பங்கு அதோடு நிற்கவில்லை. 1975 வாக்கில், தியோடர் என்று பன்னிரண்டு வயசுப் பையன். பிற்பாடு 'கிராண்ட் விஸார்ட் தியோடர்' என்று பேர் வாங்கியவர். அறைக்குள்ளே சத்தமாகப் பாட்டு வைத்திருக்கிறான். அம்மா கதவைத் தட்டித் திட்டுகிறாள். "குறைக்கிறியா, பிடுங்கிப் போடவா?" எல்லா நாட்டிலும் அம்மா ஒரே அம்மாதான். (கைதட்டல்) திட்டு முடியும்வரை பையன் ஓடுகிற தட்டைக் கையால் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைக்கிறான். காதில் ஒரு சத்தம். 'விக்கி விக்கி' என்று ஒரு கீறல். அம்மா போன பிறகும் அந்தச் சத்தத்தை விடவில்லை. மாதக்கணக்கில் பழகினான். 'ஸ்கிராட்ச்' என்கிற வாசிப்பு பிறந்தது அப்படித்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இசைத்தட்டு அதுவரை கேட்கிற பொருள். அன்றிலிருந்து வாசிக்கிற வாத்தியம்.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். இயந்திரத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஜப்பானில் மட்சுஷிதா என்று ஒரு நிறுவனம். அந்தப் பேர் உங்களுக்குத் தெரியாது. ஆனா அவங்க சாமான் உங்க வீட்டில் இருந்திருக்கும். துபாயிலிருந்து மாமா வந்தா, செண்ட் பாட்டிலோடும் சட்டைத்துணியோடும் ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவருவாரே, நேஷனல் பானசோனிக்! அதே கம்பெனி. அங்கே ஷூய்ச்சி ஒபாடா என்ற பொறியாளரின் குழு, ரப்பர் பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றுகிற மேசையை உண்டாக்கியது. 1972இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200. 1979இல் அதன் இரண்டாம் வடிவம், பக்கவாட்டில் ஒரு நகர்த்துக் கம்பியோடு. அதைத் தள்ளினால் வேகம் எட்டு சதவீதம் கூடும், எட்டு சதவீதம் குறையும்.

இந்த எட்டு சதவீதத்தில்தான் டிஜேயின் காது இருக்கு. நிமிஷத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டும் 126 அடி ஓடுகிற பாட்டும் சேரணும். முதல் பாட்டை ஐந்து சதவீதம் தள்ளணும். ஒரு காதில் ஹெட்ஃபோன், ஒரு காதில் அரங்கம். தவில்காரர் நாயனத்தைக் கேட்டுக்கிட்டே கையைத் தயார் பண்ணுவாரே, அந்த மாதிரி. ஆனால் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறிடும். ஆறு சதவீதம் தள்ளினால் பாட்டு ஏறக்குறைய அரைக்கட்டை மேலே போயிடும். ஆண்குரல் கொஞ்சம் மெலிஞ்சு கேட்கும். வேகம் மட்டும் ஏறணும், சுருதி ஏறக்கூடாது என்றால் அந்த மேசையால் முடியாது.

அதை முடித்துக் காட்டியது கணினி. ஒப்புக்கொள்கிறேன். ஆனா எப்படிப் பிறந்தது பாருங்க. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரம். ஸ்டீவ் வெஸ்ட் என்ற மாணவருக்கு பேஸ் கிடார் வாசிப்பு கத்துக்கணும். ரிக்கார்டில் அந்த வாசிப்பு வேகமாப் போகுது, பிடிக்க முடியல. வேகத்தைக் குறைச்சா சுருதி இறங்கிடுது, தன் கிடாரோடு சேரல. அதனால வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாகப் பிரிக்கிற ஒரு நிரலைத் தானே எழுதினார். நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1999இல் செராட்டோ என்று நிறுவனமாக்கி அதை விற்றார். உலகத்துப் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் வாங்கின. கையால் வாசிக்கப் பழகணும் என்று ஒரு பையன் பட்ட பாட்டில் பிறந்த மென்பொருள் அது.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இனிமேல்தான் என் கட்சியே இருக்கு!

1990களின் கடைசியில் பாட்டெல்லாம் கணினிக்குள் வந்துவிட்டது. ஜெர்மனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான எம்பி3 முறை, குறுந்தட்டில் இருக்கிற பாட்டை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. டிஜேக்கு இது பெரிய விடுதலை. ஒரு பெட்டி நிறைய ரிக்கார்டு என்றால் ஓர் ஆள் மூச்சுப்பிடித்துத் தூக்குகிற கனம். அதை விமானத்தில் ஏற்றி, ஊர் ஊராக இழுத்து, தொலைத்து, தேடி... இனி எல்லாம் ஒரு லேப்டாப்பில். சரி, லேப்டாப்பில் பாட்டு இருக்கு. எலியைப் பிடிச்சு, அந்த மவுஸைத்தான் சொல்றேன், அதை வைத்து ஸ்கிராட்ச் பண்ண முடியுமா? இருபத்தைந்து வருஷம் தட்டில் பழகின விரல், பிளாஸ்டிக் எலியிடம் என்ன பேசும்?

அப்போதுதான் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் சிலர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். பாட்டே இல்லாத ஒரு ரிக்கார்டை அச்சடித்தார்கள்.

ஆமாம். பார்த்தால் எல்லா ரிக்கார்டும் மாதிரிதான். கருப்பு, வட்டம், வரிவரியாகக் கோடு. ஊசியை வைத்துக் கேட்டால் ஒரு கீச்சொலி. முதலிலிருந்து கடைசி வரை அதே கீச்சொலி. காசு கொடுத்து யார் வாங்குவாங்க? உலகமே வாங்கிச்சு. அந்தக் கீச்சொலி நம்ம காதுக்கு இல்ல, கணினியின் காதுக்கு.

எப்படின்னு சொல்றேன். செராட்டோ பின்னால் செய்த தட்டை உதாரணமா எடுத்துக்குவோம். அந்த ஒலி விநாடிக்கு 1000 அலை. தட்டு சரியான வேகத்தில் ஓடினால் கணினிக்கு 1000 கேட்கும். கை கொஞ்சம் அமுக்கி வேகத்தைக் குறைத்தால் 900 கேட்கும். 'ஓகோ, வேகம் பத்து சதவீதம் குறைஞ்சிருக்கு' என்று புரிந்துகொண்டு, தன்னிடம் உள்ள பாட்டை அதே அளவு தாமதமாக ஓட்டும். சரி, கை தட்டைப் பின்னால் இழுத்தால்? அப்பவும் அதே ஒலிதானே வரும்? அதற்கு ஒரு தந்திரம். இசைத்தட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஒலி உண்டல்லவா? ஒன்றை மற்றதைவிடக் கால் அலை தூரம் முன்னால் விட்டிருக்கிறார்கள். அண்ணன் முன்னால், தம்பி பின்னால் நடக்கிறாங்க. அண்ணன் முதலில் வந்தால் வண்டி முன்னுக்குப் போகுது, தம்பி முதலில் வந்தால் வண்டி ரிவர்ஸ்! (கைதட்டல்) இன்னும் ஒன்று. ஊசியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால்? சாலையோரத்து மைல்கல் மாதிரி, அந்த அலைகளின் ஏற்ற இறக்கத்துக்குள் தட்டின் எந்த இடம் என்ற குறியீடும் பொறித்திருக்கு. படித்து, பாட்டில் அந்த இடத்துக்குத் தாவிவிடும்.

பாட்டு லேப்டாப்பில். கை தட்டின் மேல். ஊமைத்தட்டு இடையில் தூதுவன். 'ஃபைனல் ஸ்கிராட்ச்' என்று அந்த ஆம்ஸ்டர்டாம் கருவிக்குப் பேர். ரிச்சி ஹாவ்டின், ஜான் அக்வாவீவா என்ற இரண்டு பிரபல டிஜேக்கள் அதற்குத் துணை நின்றார்கள். 2004இல் ரேன் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து செராட்டோ தன் 'ஸ்கிராட்ச் லைவ்'வைக் கொண்டுவந்தது.

இப்போ நான் கேக்கிறேன். கணினிதான் எல்லாம் என்றால், இந்தப் பாட்டே இல்லாத ரிக்கார்டு எதற்கு? பொத்தான் இருக்கே, எலி இருக்கே, போதாதா? கணினி படித்த பொறியாளர்களே உட்கார்ந்து யோசித்து, இந்தக் கைக்கு ஒரு பிடி வேணும் என்று முடிவு பண்ணி, வெறும் தட்டை வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். கை கணினிக்காக மாறல. கணினி கையிடம் வந்து நின்றது. (பலத்த கைதட்டல்)

மற்றதையெல்லாம் விரைவாகச் சொல்லிடறேன். 1994இலேயே பயனியர் கம்பெனி டிஜேக்கான சிடி பெட்டியைக் கொண்டுவந்தது. 2001இல் வந்த அதன் சிடிஜே-1000இல், தட்டைப் போலவே கையால் உருட்ட ஒரு வட்டச் சக்கரம். 2000இல் ஜெர்மனியிலிருந்து டிராக்டர். வயல் உழுகிற டிராக்டர் இல்ல! 2003இல் விர்ச்சுவல் டிஜே. 2009இல் பயனியரின் ரெக்கார்ட்பாக்ஸ். 2010இல் டெக்னிக்ஸ் மேசையின் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 'முடிஞ்சது கதை' என்றார்கள். 2016இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆள் கேட்கிறான், என்ன பண்றது?

ஒரு மென்பொருளுக்கு மட்டும் கொஞ்சம் நிற்கணும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மாணவர், டிஜேக்கள் எப்படி வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு எந்த மாதிரிக் கருவி தோதாக இருக்கும் என்று ஆராய்வதற்காக 2001இல் எழுதத் தொடங்கியது. 'மிக்ஸ்' என்று பேர். ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை மூன்று தடவை போட்டு எழுதுவார்கள். நம்ம இலக்கணத்தில் ஒற்றளபெடை! (சிரிப்பு) அதை யார் வேணுமானாலும் இலவசமாக எடுத்துக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். உலகம் பூராவும் தன்னார்வலர்கள் இன்றும் வளர்த்துக்கிட்டிருக்காங்க. நானும் முனைவர் பட்டம் வாங்கியவன்தான். என் ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் ரொம்பப் பத்திரமா இருக்கு. யாரும் தொடாததால் பத்திரமா இருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணிச் சகோதரி ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க. "இரண்டு சுழல்மேசை, மிக்ஸர், நூற்றுக்கணக்கில் ரிக்கார்டு. ஏழைப் பிள்ளையால் வாங்க முடியுமா? கணினி வந்த பிறகுதானே கதவு திறந்தது?" என்றார்கள். உண்மை. வணங்கி ஏத்துக்கிறேன். பொருளுக்கு மட்டுமில்ல, அறிவுக்கும் கதவு திறந்தது. ஒரு செய்தி சொல்றேன். கூல் ஹெர்க் ஒரு புது ரிக்கார்டு வாங்கினால் முதல் வேலையாகத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவாராம். எதிரி டிஜே எட்டிப் பார்த்து, அது என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ளக்கூடாது! ஜமைக்காவில் தெருவுக்குத் தெரு இருந்த பழக்கம். நம்ம ஊர்ல சித்த வைத்தியர் மூலிகை பேரைச் சொல்லாம மறைச்சு வெச்ச மாதிரி. இன்றைக்கு? 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய டிஸ்காக்ஸ் என்கிற இணையப் பட்டியலைத் திறந்தால், எந்த ரிக்கார்டு, எந்த வருஷம், டிரம்ஸ் வாசித்தது யார் என்று பார்த்துக்கலாம். 2004இல் டென்வர் நகரில் தொடங்கிய பீட்போர்ட்டில் டிஜேக்கு வேண்டிய பாட்டை, நிமிஷத்துக்கு எத்தனை அடி, என்ன சுருதி என்ற விவரத்தோடு வாங்கிக்கலாம். உரித்துப் போட்ட லேபிளையெல்லாம் இணையம் மறுபடி ஒட்டிவிட்டது. அந்த அளவில் எனக்குச் சந்தோஷம்தான்.

இனி அந்தப் பிரசித்தி பெற்ற பொத்தானுக்கு வருவோம். 'சிங்க்' பொத்தான். அமுக்கினா ரெண்டு பாட்டின் வேகமும் அடியும் தானாகச் சேரும். 'அது ஏமாற்று' என்று பழைய டிஜேக்கள் திட்டுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கால்குலேட்டர் வந்ததும் கணக்கு வாத்தியார் செத்தா போயிட்டாரு? அடியை எண்ணுகிற வேலை இயந்திரத்துக்குப் போகட்டும். ஆனா அந்தப் பொத்தான் எங்கே திணறுது தெரியுமா? தாளம் துளியும் மாறாமல் கணினியிலேயே செய்த பாட்டு என்றால் கோடு போட்ட நோட்டு மாதிரி அடிகளை அளந்துவிடும். மனுஷன் உட்கார்ந்து வாசித்த பாட்டு என்றால், காதில் இயந்திரத் தாளம் இல்லாமல் வாத்தியக்குழு ஒன்றாக வாசித்த பழைய பாட்டு என்றால், சரணத்துக்கு வரும்போது கொஞ்சம் துள்ளும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் சாயும். அந்தத் துள்ளலில்தான் உயிர் இருக்கு, அங்கேதான் கணினி போட்ட கோடு விலகிப்போகுது. டிஜே உட்கார்ந்து அடிக்கு அடி கையால் கோட்டை நகர்த்தி வைக்கணும், இல்லேன்னா மேடையில காதால் பிடிக்கணும். எழுபதுகளின் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டைக் கல்யாண வரவேற்பில் கலக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. சொல்லி அழுவாங்க.

எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு? அதையும் கணினி இப்போது பரிந்துரைக்குது. வேகம் ஒத்துப்போகுதா, சுருதி ஒத்துப்போகுதான்னு பார்த்துச் சொல்லும். தாத்தா நாற்காலியில் தூங்க ஆரம்பிச்சிட்டார், பிள்ளைகள் சாப்பிடக் கிளம்பிட்டாங்க, மாப்பிள்ளையின் சித்தி ஆடலாமா வேணாமான்னு பாதி எழுந்து நிக்கிறாங்க, இதை அது பார்க்குமா? மைக்செட்காரர் பார்ப்பார்.

கடைசியாக ஒன்று. 2020க்குப் பிறகு வந்த மென்பொருள்களில் புதுசா ஒரு வசதி. கலந்து பதிவான பழைய பாட்டிலிருந்து குரலைத் தனியாக, டிரம்ஸைத் தனியாக, அங்கேயே அப்போதே பிரித்துக் கொடுக்குது. பாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற அன்னப்பறவையைப் புலவர்கள் பாடினாங்க, நாம திரையில் பார்க்கிறோம். அற்புதம்தான். ஆனா பிரித்தெடுத்த அந்த டிரம்ஸ், யாருடைய கை?

1969. அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற இசைக்குழு ஒரு ரிக்கார்டு போட்டது. முன்பக்கத்துப் பாட்டுக்கு கிராமி விருதே கிடைத்தது. பின்பக்கத்தில், இடத்தை நிரப்ப, 'ஆமென், பிரதர்' என்று பாடகர் இல்லாத ஒரு வாத்திய இசை. நடுவில் மற்ற எல்லோரும் நிறுத்துகிறார்கள். கிரெகரி கோல்மன் என்ற டிரம்ஸ்காரர் தனியாக வாசிக்கிறார். நான்கு தாளவட்டம். சுமார் ஏழு விநாடி. அவ்வளவுதான். மறந்துபோனாங்க.

1980களில் டிஜேக்களுக்கென்று இப்படிப்பட்ட தனிகளைத் தொகுத்துப் போட்ட ரிக்கார்டுகளில் அது மறுபடி வந்தது. 'சாம்ப்ளர்' என்கிற, ஒலித் துண்டைப் பதிவு செய்து திருப்பித் திருப்பி வாசிக்கிற இயந்திரங்கள் அப்போது கைக்கெட்டும் விலைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த ஏழு விநாடியை வெட்டினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், துண்டு துண்டாக்கி வரிசை மாற்றி அடுக்கினார்கள். இங்கிலாந்தில் 'ஜங்கிள்', 'டிரம் அண்ட் பேஸ்' என்ற இசை வகைகள் பெரும்பாலும் அதன் மேலேயே எழும்பின. ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்தக் கை ஒலிக்குது. விளம்பரத்தில் ஒலிக்குது. இணையத்தில் 'ஆமென் பிரேக்' என்று தேடினால் கொட்டுது. டிஜே மென்பொருளில் ஒரு வரி அலையாக ஓடுது. பச்சையும் நீலமுமாக அழகாக இருக்கு.

கோல்மனுக்கு என்ன வந்தது? ஒரு காசு வரல. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே, தங்கள் இசை இப்படி உலகம் சுற்றுகிறது என்று 1996இல்தான் தெரிய வந்தது. அதற்குள் சட்டப்படி வழக்குப் போடுகிற காலமும் கடந்துபோச்சு. கிரெகரி கோல்மன் 2006இல் அட்லாண்டாவில் இறந்தார். வீடில்லாமல், வறுமையில். தன் ஏழு விநாடி உலகத்தை என்ன செய்தது என்பது அவருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது என்றுதான் ஸ்பென்சர் நினைத்தார்.

2015இல் இங்கிலாந்திலிருந்து ஒரு டிஜே, அந்த ஏழு விநாடியை வைத்துப் பிழைத்தவர்கள் எல்லோரும் ஏதாவது கொடுங்கள் என்று இணையத்தில் உண்டியல் வைத்தார். அதே கணினி, அதே இணையம்தான், நான் மறைக்கமாட்டேன். 24,000 பவுண்டு சேர்ந்தது. ஸ்பென்சர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். வாசித்தவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மணி அடிச்சிட்டீங்க, நடுவர் அவர்களே. உட்கார்ந்துவிடுகிறேன்.